டிரஸ்ட்டா, சங்கமா? பத்திரம் எழுதுமுன் பார்க்க வேண்டியவை

குளத்தைத் தூர்வார, படித்துறையைச் சுத்தம் செய்ய என்று பத்துப் பேர் கூடிவிட்டால், நெல்லைப் பக்கம் அடுத்த பேச்சு "ஒரு டிரஸ்ட்ட போட்ருவோம்ல" என்பதுதான். ஒரே நாளில் பதிவு முடியும், உண்மை. ஆனால் பொது அறக்கட்டளைக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. எழுதிய பத்திரம்தான் சட்டம். அறங்காவலர் இறந்தால் அடுத்து யார், கணக்கில் யார் யார் கையெழுத்து, எந்தப் பிரிவைத் திருத்தலாம் என்பதெல்லாம் அதில் இல்லாவிட்டால் பின்னால் கோர்ட்டுக்குத்தான் அலைய வேண்டும். ஆவண எழுத்தர் கையில் இருக்கும் பழைய நகலை அப்படியே வாங்கி வராதீர்கள்.

பணம் போடுகிறவர் ஒருவர், குடும்பமே நடத்தப்போகிறது என்றால் டிரஸ்ட் சரி. ஊர்க்காரர்கள் சந்தா கொடுத்து ஓட்டும் போடுவார்கள் என்றால் சங்கம். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் வேண்டும். பாளையங்கோட்டையோ சேரன்மகாதேவியோ, உங்கள் எல்லைக்குரிய மாவட்டப் பதிவாளரிடம் பதிவு. நிர்வாகக் குழுவின் காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. குழு மாறியதும் அந்த மாற்றத்தைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம் 7 தாக்கல் செய்யாமல் விடுவதுதான் பெரும்பாலான சங்கங்கள் படுத்துக்கொள்ளக் காரணம். நாலு வருடம் கழித்து இரண்டு கோஷ்டியும் ஆளுக்கொரு படிவத்தோடு நிற்கும். தகராறு முற்றினால் சிவில் கோர்ட்டுதான். மூன்றாவது வழியான பிரிவு 8 கம்பெனி, அதாவது கம்பெனிச் சட்டப்படி பதிவாகும் லாப நோக்கமில்லாத கம்பெனி, பெரிய நிறுவனங்களின் நிதியை எதிர்பார்ப்பவர்களுக்கு. வருடாவருடம் ஆடிட்டர் செலவு தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எதுவானாலும் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை) கிடைப்பது நோக்கப் பிரிவின் வாசகத்தைப் பொறுத்தது. "எங்கள் சமுதாயப் பிள்ளைகளுக்கு மட்டும்" என்று ஒரு சாதியின் பெயரைப் போட்டால் 80ஜி கிடைப்பது சிக்கலாகிவிடும். "பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள்" என்று எழுதினால் அந்தத் தடை இல்லை. கோயில் கொடையையும் கல்வி உதவியையும் ஒரே பத்திரத்தில் கலக்க வேண்டாம். 80ஜி உள்ள அமைப்பு மதக் காரியத்துக்கு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் செலவழிக்க முடியாது. கலைத்தால் மிச்சச் சொத்து இதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்கே போகும், உறுப்பினர்களுக்குப் பிரியாது என்ற வரியும் கட்டாயம் இருக்கட்டும்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். அமைப்பின் பெயர் பத்திரத்தில் தமிழில் 'தாமிரபரணி', பான் கார்டில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டு, பேங்கில் வேறொன்று என்று இருந்தால் கணக்கே திறக்காது. ஆங்கில எழுத்துக்கூட்டையும் பத்திரத்திலேயே ஒருமுறை எழுதிவிடுங்கள். நன்கொடைக்கு ரசீது போடும்போது, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.