வரைபடத்தில் விடுபட்ட தெரு: பங்கேற்பு ஆய்வு எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு

ஆய்வேட்டுக்கு, ஊர்க்காரர்களே சேர்ந்து செய்யும் பங்கேற்பு ஆய்வை எடுக்கலாமா என்று எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்கும் தங்கைகள் மூன்று பேர் இந்த ஆண்டும் கேட்டுவிட்டார்கள். எடுங்கள். நான் எடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் வினாப்பட்டியலை நிரப்பி வாங்கி, கணினியில் ஏற்றி, நாற்பது அட்டவணை போட்டு முடிக்கிற வேலை இல்லை இது. நாள் பிடிக்கும். எந்த நாள் என்பதை ஊர்தான் முடிவு செய்யும். அதற்குத் தயார் என்றால் மட்டும் கைடிடம் போய்த் தலைப்பைச் சொல்லுங்கள்.

நான் இதற்கு வந்த வழி இது. முதலாண்டு கிராம முகாமில் பத்து நாளில் அறுபது வீடுகளுக்குப் போனோம். என் தாளில் 42 கேள்விகள். அதில் ஒன்று, ‘ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குடிநீர் பயன்படுத்துகிறீர்கள்?’ யாருமே லிட்டரில் சொல்லவில்லை. “எங்கம்மா போதுது” என்றார்கள். நான் ‘போதுமானதாக இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே போனேன். அறிக்கையில் 83 சதவீதம் என்று வந்தது. நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. அந்த எண்ணால் அந்த ஊரில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூட வரவில்லை. இரண்டாம் ஆண்டு அதே ஊருக்குத் திரும்பிப் போனதற்குக் காரணம் அதுதான்.

பாடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தேர்வுக்கும் உதவும். ஆராய்வதோடு மாற்றத்துக்கான செயலையும் சேர்த்துச் செய்வது செயல் ஆய்வு. அந்தச் சொல்லை நிலைநிறுத்தியவர் உளவியலாளர் கர்ட் லெவின். அவருடைய கட்டுரை 1946-இல் வந்தது. ஆய்வு யாருக்காக, அறிவு யாருடையது என்ற கேள்வியை லத்தீன் அமெரிக்காவில் பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேரேவும் கொலம்பியச் சமூகவியலாளர் ஓர்லாண்டோ ஃபால்ஸ் போர்டாவும் எழுப்பினார்கள். 1977-இல் கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் ஃபால்ஸ் போர்டா முன்னின்று நடத்திய மாநாடு இந்தத் துறைக்கு முக்கியமானது. இந்தியாவில் ராஜேஷ் டாண்டன் 1982-இல் பங்கேற்பு ஆய்வுக்கான பிரியா (PRIA) அமைப்பைத் தொடங்கினார். ராபர்ட் சேம்பர்ஸ் பெயரோடு நாம் படிக்கும் ஊரகப் பங்கேற்பு மதிப்பீடு 1980-களின் பிற்பகுதியில் உருவானது. அது வளர்ந்ததில் கர்நாடகத்தில் வேலை செய்த மைராடா என்ற தொண்டு நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு முன் இருந்த விரைவு மதிப்பீட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்பது வழக்கமாக வரும் கேள்வி. முன்னதில் வெளியாள் தகவலை வேகமாக எடுத்துக்கொண்டு போகிறார். பின்னதில் ஊர்க்காரர்களே வரைந்து, எண்ணி, காரணம் பேசி முடிவெடுக்கிறார்கள். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்து எழுதினால் மீதி தானாக வரும்.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு இதெல்லாம் புத்தகச் செய்தி மட்டும் இல்லை. 1991-இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் வந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். என் அம்மாவும் அதில் ஒருவர். கையெழுத்துப் போடக் கற்ற கதையை விட, முதல் தடவை தனியாக சைக்கிளில் தண்ணீர்க் குடம் கட்டிக்கொண்டு வந்த கதையைத்தான் அம்மா இன்றும் சொல்வார். படிப்பு என்றால் அன்றாடத்தில் ஏதாவது ஒன்று நகர வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அங்கிருந்து வந்தது.

இனி களத்துக்கு வருகிறேன். ஊர்க்காரர்களே தங்கள் ஊரைத் தரையில் வரைவது சமூக வரைபடம். முதல் வரைபடத்தைக் கோவில் முன்னால் போட்டோம். இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். நிழல் இருந்தது, தரை சமமாக இருந்தது. கோலமாவு, செங்கல் தூள், இலை எல்லாம் தயார். ஊர்ப் பெரியவர்கள் உற்சாகமாக வரைந்தார்கள். கண்மாய், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டி எல்லாம் அழகாக வந்தது. நான் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். இரவு விடுதியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, காலனித் தெரு அதில் இல்லவே இல்லை. கண்மாய்க்கரையோடு ஊர் முடிந்துவிட்டது. காலனிப் பெண்கள் அன்று வந்திருந்தார்கள். கோவில் வாசலுக்கு வராமல் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். அதையும் பார்த்தேன், பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். இது என் தவறு. ஒரு வரைபடத்தில் எது இருக்கிறது என்பதை விட, எங்கே உட்கார்ந்து வரைந்தோம், யார் உட்கார முடியவில்லை என்பதை முதலில் குறித்து வையுங்கள். என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமே பிறகு இதுதான் ஆனது.

இரண்டாவது வரைபடத்தை நூறு நாள் வேலை முடிகிற நேரத்தில், கண்மாய்க்கரை வேப்பமரத்தடியில் பெண்கள் போட்டார்கள். நான் குச்சியைக் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். சும்மா உட்காருவது கஷ்டம். வாய் துடிக்கும். பத்து நிமிடம் யாரும் எதுவும் செய்யவில்லை. பிறகு ஒரு பாட்டி, “ஏன் பாப்பா, எங்க தெருவுல இருந்து ஆரம்பிக்கலாமா?” என்று கேட்டார். காலனி நடுவில் வந்தது. ஊர்த்தெரு ஓரத்துக்குப் போனது. தொட்டியிலிருந்து வரும் குழாயைச் செங்கல் தூளால் இழுத்தார்கள். வழியில் ஒவ்வொரு வளைவிலும் யார் வீட்டில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்றும் சொன்னார்கள். இந்தத் தகவல் எந்த வினாப்பட்டியலிலும் எனக்கு வந்திருக்காது.

அடுத்து புளியங்கொட்டை. ஒரு கொட்டை ஒரு குடம். வீட்டுக்கு வீடு குழாய் தரும் மத்திய அரசுத் திட்டமான ஜல் ஜீவன் மிஷன் 2019-இல் தொடங்கியபோது ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வகுத்தது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும், ஆகப் பதினெட்டுக் குடம். நான் கணக்கைச் சொன்னதும் ஓர் அக்கா பதினெட்டுக் கொட்டையை எண்ணி ஒரு குவியலாக வைத்தார். பக்கத்தில் தன் வீட்டுக்கு நேற்று வந்ததை வைத்தார். ஆறு. இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். “இம்புட்டு வரணுமா நமக்கு?” என்று ஒருவர் கேட்டார். ‘போதல’ என்று அத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்த குறை அந்த இடத்தில் கேட்க வேண்டிய பாக்கியாக மாறியது. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

காரணம் என்ன என்று கேட்டபோது முதலில் ‘கடைசித் தெரு, அதான்’ என்றார்கள். பேசப் பேச இன்னொன்று வெளியே வந்தது. டேங்க் ஆபரேட்டர் காலனிப் பக்கத்து வால்வைத் திறப்பது காலை பதினொரு மணிக்கு. அந்நேரம் பெண்கள் எல்லாரும் வேலைத்தளத்தில். வீட்டில் கிழவிகளும் குழந்தைகளும்தான். வருகிற தண்ணீரிலும் பாதி பிடிக்க ஆளில்லாமல் சாக்கடைக்குப் போகிறது. இதை நிரூபிக்க என்ன வேண்டும் என்று அவர்களே பேசினார்கள். மளிகைக் கடை மாதக் காலண்டர் ஒன்றில் தினமும் மூன்று விஷயம் குறிப்பது என்று முடிவானது: தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், எத்தனை குடம். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் எழுதினாள். மற்றவர்கள் சொன்னார்கள். பதினான்கு நாள். அதில் இரண்டு நாள் காலியாக இருந்தது. நான் கேட்டு நிரப்பலாமா என்றேன். “வேணாம்மா, குறிக்கல, அது குறிக்காத நாள்தான்” என்றார்கள். ஆய்வு நேர்மை பற்றி வகுப்பில் கேட்டதை விட இதில் அதிகம் கற்றேன்.

கிராம சபைத் தேதிகளை வைத்துக் களப்பணியைத் திட்டமிடுங்கள். இது நான் சொல்வதில் மிக முக்கியமானது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆகஸ்டில் தொடங்கினால் அக்டோபர் 2-க்குள் மக்கள் கையில் ஒரு தாளாவது இருக்கும். எங்கள் ஊரில் அப்படித்தான் நடந்தது. காலண்டரையும் வரைபடத்தைச் சார்ட்டில் படியெடுத்ததையும் பெண்களே கொண்டுபோனார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். “எப்பவும் வர்றதுதானே, குறை சொல்றாங்க” என்று ஒரு குரல் எழுந்தது. கொட்டை எண்ணிய அக்கா பதில் பேசவில்லை, காலண்டரை எடுத்து நீட்டினார். கொஞ்சம் அமைதி. வால்வைக் காலை ஆறு மணிக்குத் திறப்பது என்று தீர்மானம் எழுதினார்கள். மோட்டார் விஷயம் ‘பிறகு பார்க்கலாம்’ ஆனது. புதுக் குழாய்க்கு மனு வாங்கிக்கொண்டார்கள்.

பயமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. பேசிய பெண்களுக்கு வேலைத்தளத்தில் தொந்தரவு வருமோ என்று ஒரு வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை. நாம் நான்காம் செமஸ்டர் முடிந்ததும் கிளம்பிவிடுவோம், அவர்கள் அதே தெருவில் இருக்க வேண்டும். ஆகவே ஆய்வேட்டில் ஊர்ப்பெயர், ஆள்பெயர், முகம் தெரியும் படம் எதுவும் வேண்டாம். சம்மதத்தை ஒருமுறை வாங்கினால் போதாது. கிராம சபைக்கு முந்தின நாள் மறுபடி கேட்டேன். இருவர் வரவில்லை என்றார்கள், சரி என்றேன்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி, “உங்கள் மாதிரி அளவு என்ன?” இதற்குப் பதற வேண்டாம். இது மாதிரி எடுத்து மொத்தத்தைக் கணிக்கும் ஆய்வு இல்லை, ஒரு தெரு தன் சிக்கலைத் தானே ஆராய்ந்த பதிவு என்று சொன்னேன். அடுத்து, மக்கள் பங்கேற்பு எவ்வளவு என்று அளக்க ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் சொன்ன எட்டுப் படி ஏணியைக் காட்டி, என் வேலை எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டார். கோவில் முன் போட்ட வரைபடம் நான்காம் படி, வெறும் கருத்துக் கேட்பு. காலண்டர் ஆறாம் படியைத் தொட்டது, கூட்டாகச் செய்தது. எட்டாம் படியான முழு அதிகாரம் கிடைக்கவே இல்லை என்றேன். அவர் புன்னகைத்தார். உங்கள் வேலையை உள்ளபடி சொல்லுங்கள், கூட்டிச் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒரு செலவு உண்டு, அதற்குப் பணம் எடுத்து வையுங்கள். “படத்த எடுத்துட்டுப் போயிட்டா எங்ககிட்ட என்ன இருக்கும்?” என்று பாட்டி முதல் வாரமே கேட்டுவிட்டார். ஆய்வேட்டின் சாரத்தைத் தமிழில் எட்டுப் பக்கமாக எழுதி, வரைபடத்தைப் பெரிய அளவில் அச்சிட்டு, இரண்டையும் அங்கன்வாடியில் கொடுத்தேன். மொத்தம் 640 ரூபாய் ஆனது. ஆறு மணிக்குத் தண்ணீர் வருகிறது, பத்துப் பன்னிரண்டு குடம் பிடிக்கிறார்கள். குழாய் இன்னும் போடவில்லை. ஜனவரி 26 கூட்டத்துக்காக அந்தப் பெண் புதுக் காலண்டரில் மறுபடி குறிக்கத் தொடங்கியிருக்கிறாள். அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு.