பழைய 1035 டிராக்டருக்குப் பின்பக்க டயர் மாத்தினப்போ பார்த்தது, கேட்டது, செஞ்சது

எங்ககிட்ட இருக்கிறது மாஸி பெர்குசன் 1035 டிஐ, இருபது வருசம் தாண்டின வண்டி. மன்னார்குடி பக்கம், களிமண் பூமி. இன்ஜின் இன்னும் கெட்டியா இருக்கு, ஆனா பின் டயர் ரெண்டுலயும் பட்டன் (மண்ணப் பிடிக்கிற ரப்பர் மேடு) மழுங்கி சைடுல வெடிப்பு விட்டுப்போச்சு. 2025 குறுவை அறுத்து முடிச்சு கலப்பைய இறக்கினா வண்டி நகராம வீல் மட்டும் நின்ன இடத்துலயே சுத்துது, டீசல் போகுதே தவிர உழவு ஆகல. குறுவைக்கு அடுத்த போகமான தாளடிக்குள்ள மாத்தியே ஆகணும்னு முடிவு பண்ணியாச்சு.

அப்பாவுக்கு மொதல்ல ரீட்ரேடிங், அதாவது பழைய டயர் மேலயே புது ரப்பர் ஒட்டுறது, பண்ணிடலாம்னு ஆசை, பாதி செலவுல முடியும்ல. டயர காட்டினதும் அந்தக் கடைக்காரர் பட்டன பாக்கவே இல்ல, சைடு வெடிப்புல நகத்த விட்டுப் பாத்தாரு, உள்ள நூல் தெரியுது, இதுக்கு மேல ரப்பர் ஒட்டினா காசு வேஸ்ட்னு திருப்பி அனுப்பிட்டாரு. அது நேர்மையான பதில்தான். டிராக்டர் டயர் தேஞ்சு சாகுறத விட வெயில்ல காஞ்சு வெடிச்சு சாகுறதுதான் நிறைய, அதுவும் வருசத்துல பாதி நாள் களத்துல சும்மா நிக்கிற வண்டினா கேக்கவே வேணாம்.

அடுத்தது சைஸ். எங்க வண்டில இருந்தது 13.6-28. அதாவது டயர் அகலம் 13.6 இஞ்ச், ரிம் 28 இஞ்ச். இதே 1035-ல 12.4-28 போட்டு வந்த வண்டியும் இருக்கு, அதனால வண்டி பேர மட்டும் சொல்லி டயர் கேக்காதீங்க, சைடுல இருக்கிற நம்பர போட்டோ எடுத்துட்டுப் போங்க. ஒரு கடைல 14.9 போடுங்க, பிடிப்பு நல்லா இருக்கும்னு ரொம்ப வற்புறுத்தினாங்க. நான் வேணாம்னுட்டேன். டயர் உயரமானா அதே கியர்ல வண்டி வேகமா போகும், இழுவை கொறையும், 36 எச்பி வண்டிக்கு அது சுமைதான். போதாக்குறைக்கு ரிம் அகலமும் பாக்கணும், மட்கார்டு இடிக்குதான்னும் பாக்கணும். கம்பெனி கொடுத்த சைஸ்லயே இருக்கிறதுதான் பழைய வண்டிக்கு நல்லது.

பிராண்டு பத்தி ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. எம்ஆர்எஃப் சக்தி லைஃப், அப்போலோ கிரிஷக் கோல்டு, சியட் ஆயுஷ்மான், குட்இயர் வஜ்ரா சூப்பர்னு கடைல வரிசையா காட்டினாங்க. நான் பார்த்த வரைக்கும் பேர விட முக்கியம் வண்டி எங்க ஓடுதுங்கிறதுதான். பட்டன் உயரமா, இடைவெளி அதிகமா இருந்தா சேறு ஒட்டாம உதிரும், வயல்ல பிடிக்கும், ஆனா தார் ரோட்டுல சீக்கிரம் தேயும், வண்டி அதிரும். எங்க வண்டிக்கு சேத்து உழவுல எப்படியும் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிடுவோம், மீதி நாள்லாம் டிரெய்லர்ல நெல்லு மூட்டை ஏத்திட்டு கொள்முதல் நிலையத்துக்குப் போறது வர்றது, கொஞ்சம் காஞ்ச உழவு, அவ்வளவுதான். அதனால பட்டன் நடுத்தர உயரம், நடுவுல பட்டன் நெருக்கமா இருக்கிற மாதிரி, 12 பிஆர்ல (பிஆர்னா டயர் எவ்வளவு சுமை தாங்கும்னு காட்டுற ப்ளை ரேட்டிங்) எடுத்தோம். பக்கத்து வயல்காரர் ரோட்டுக்கே போறதில்ல, முழுக்க உழவுதான், அவருக்கு நான் வேற டயர்தான் சொல்லுவேன்.

இப்ப முக்கியமான விசயம், டயர் சைடுல நாலு நம்பர் இருக்கும், 2225-னு இருந்தா 2025-ஆம் வருசம் 22-ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ஒரு கடைல நல்ல டிஸ்கவுண்ட்னு எடுத்துப் போட்டத பார்த்தா ஒண்ணு ரொம்ப பழைய தேதி, இன்னொண்ணு வேற வருசம். அண்ணே ரெண்டும் ஒரே தேதில கொடுங்கன்னு கேட்டதுக்கு ஸ்டாக் இல்லன்னாங்க, நாங்க கிளம்பிட்டோம். ரெண்டு டயரும் ஒத்துப்போகாம ஒரு பக்கம் உயரமாவும் ஒரு பக்கம் தாழ்வாவும் ஓடினா, திருப்பத்துல ரெண்டு பின் சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல் நேர் ரோட்டுலயும் ஓயாம வேலை செய்யும். அதனால ஒண்ணு மட்டும் மாத்துற யோசனையே வேணாம், ஜோடியா ஒரே கம்பெனி, ஒரே மாடலா போடுங்க.

விலைல ஒண்ணு கவனிங்க. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து டிராக்டர் டயர், டியூபுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்துலேர்ந்து 5 ஆகிடுச்சு. வரி இல்லாம 30,000 ரூபாய்னா முன்ன 5,400 வரி, இப்ப 1,500 தான். அதனால விலைய வரி இல்லாம ஒரு தடவ, வரியோட ஒரு தடவ கேளுங்க, பில்லுல டயர் சீரியல் நம்பர எழுதி வாங்குங்க, வாரண்டி கேக்குறப்போ அது கைகொடுக்கும்.

டியூபும் புதுசா போட்டோம், எடை கூட்ட உள்ள தண்ணி ஏத்துற வால்வு இருக்கிற டியூபா கேட்டு வாங்கினேன். பழைய டயர கழட்டுனா வால்வு ஓட்டையச் சுத்தி ரிம் துருப்பிடிச்சு செதில் செதிலா இருந்துச்சு. அத அப்படியே விட்டு மாட்டியிருந்தா புது டியூப சீக்கிரமே கிழிச்சிருக்கும். கம்பி பிரஷ் போட்டு தேச்சு, ரெட் ஆக்சைடு (துரு பிடிக்காம இருக்க அடிக்கிற பெயின்ட்) அடிச்சு, காஞ்சப்புறம்தான் மாட்ட விட்டோம். பஞ்சர் கடைப் பையன் அவசரப்பட்டான், அப்பா நாற்காலி போட்டு பக்கத்துலயே உக்காந்துட்டார். மாட்டுறப்போ சைடுல இருக்கிற அம்புக்குறிய பாருங்க, வண்டிக்குப் பின்னாடி நின்னு பார்த்தா பட்டனோட கூர் மேல் நோக்கி இருக்கணும். டயர் ரிம்ல உக்காரலன்னு காத்த ஏத்திக்கிட்டே போகக்கூடாது, காத்தழுத்தம் 35 பிஎஸ்ஐ தாண்டவே விடாதீங்க, உயிருக்கு ஆபத்து. உக்காரலன்னா காத்த எறக்கிட்டு சோப்புத் தண்ணி தடவி மறுபடி ஏத்தணும்.

தண்ணி ஏத்துறதுல எங்க வீட்லயே ரெண்டு கட்சி. வால்வ மேல வச்சு முக்கால் பங்கு ஏத்தினா இந்த சைஸுக்கு ஒரு டயருக்கு ஏறக்குறைய 150 லிட்டர் பிடிக்கும், அவ்வளவு கிலோ எடை கூடும், காஞ்ச உழவுக்கு நல்ல பிடிப்பு. ஆனா தொளி (சேறாக்கின) வயல்ல அதே எடை வண்டிய அமுக்கிடும். தாளடி உழவு முடியுற வரைக்கும் வெறும் காத்துதான், வயல்ல 14 பிஎஸ்ஐ வாக்குல வச்சு ஓட்டுறோம், டிரெய்லர் மாட்டுறப்போ கொஞ்சம் ஏத்திக்கிறோம். முதல் நாள் ஓட்டினதும் வீல் நட்டு எல்லாத்தையும் திரும்ப முறுக்குனோம், ரெண்டு நட்டு லேசா இளகித்தான் இருந்துச்சு.

முன் டயர் 6.00-16, அது ஒரு ஓரமா மட்டும் தேஞ்சிருக்கு. மெக்கானிக் ஆட்டிப் பார்த்துட்டு முன் சக்கரம் திரும்புற அச்சுல இருக்கிற கிங்பின் புஷ் போயிடுச்சுன்னாரு. அத மாத்தி டோ-இன் (முன் சக்கரம் ரெண்டும் முன்பக்கமா லேசா உள்நோக்கி இருக்கிற அளவு) சரி பண்ணாம புது டயர் போட்டா அதுவும் அதே ஓரத்துலதான் தேயும், அதனால மொதல்ல புஷ் வேலைய முடிச்சுட்டு முன் டயர பொங்கலுக்கு அப்புறம் எடுத்துக்கலாம்னு வச்சிருக்கோம்.