ஸ்லீவா, பைபாஸா?

அக்காவுக்கு எடைக்குறைப்பு ஆபரேஷன்னு முடிவாகிடுச்சு. "ஸ்லீவ்தான் சின்ன ஆபரேஷன், அதையே பண்ணிக்கோ"ன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. சின்னதா? இரைப்பையில கிட்டத்தட்ட 80 சதவீதத்தை வெட்டி எடுத்துடுவாங்க, திரும்ப வைக்கவே முடியாது.

அவளுக்குப் பல வருஷமா நெஞ்செரிச்சல். ராத்திரி ரெண்டு தலையணை அடுக்கி, சாய்ஞ்சபடிதான் தூங்குவா. ஸ்லீவுக்கு அப்புறம் இது இன்னும் மோசமாகலாம். சுகர் வேற இருக்கு. ரெண்டுக்கும் பொதுவா பைபாஸ்தான் நல்லா கேட்கும். அதுல இரைப்பையில இருந்து முட்டை அளவு பையை மட்டும் பிரிச்சு, சிறுகுடலோட இணைச்சிடுவாங்க.

ஆனா பி12, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரையை ஆயுசுக்கும் விடக்கூடாது. மூட்டுவலிக்குன்னு புரூஃபென், டைக்ளோஃபினாக் வாங்கிப் போடக்கூடாது, உள்ள புண் வந்துடும்.

தயவுசெஞ்சு, எண்டோஸ்கோப்பி பார்க்காம எதுக்கும் தலையாட்டாதீங்க.