தோல் வந்த ஊரை நிரூபிக்கப் பட்ட பாடு

எல்.டபிள்யூ.ஜி. (லெதர் வொர்க்கிங் குரூப், தோல் ஆலைகளைத் தணிக்கை செய்து பதக்கத் தரம் தரும் சர்வதேச அமைப்பு) தணிக்கை ஒருவழியாக முடிந்து எங்கள் ஷாப்புக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்துவிட்டது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் சின்னதாகத் தோல் பதனிடும் ஷாப் நடத்துபவர்கள் யாராவது இதற்கு விண்ணப்பிப்பதாக இருந்தால், முதலில் பச்சைத் தோல் வாங்கிய மண்டி பில்லை எடுத்துப் பாருங்கள்.

கழிவுநீர் விஷயத்தில் எனக்குக் கவலை இருக்கவில்லை. தோல் ஆலைக் கழிவுநீர் பற்றிய 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நம் பகுதி அதற்குக் கொட்டிய பணம் கொஞ்சமா? பொதுச் சுத்திகரிப்பு நிலைய ரசீது, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, தோலில் நச்சான குரோமியம் 6 இருக்கிறதா என்ற பரிசோதனை (ஐரோப்பாவில் கிலோவுக்கு 3 மில்லிகிராம்தான் வரம்பு) எல்லாம் மதியத்துக்குள் முடிந்தன.

சிக்கல் வந்தது பச்சைத் தோலில். எந்த அறுப்புக்கூடத்தில் உரித்தது, தாள் எங்கே என்று கேட்டார்கள். மண்டி பில்லில் எண்ணிக்கையும் விலையும்தான் இருக்கும். தோல் விற்கும் மண்டி பாயிடம் கேட்டால், "தோலைப் பார்த்து வாங்குப்பா, ஆட்டுக்கு ஜாதகமா கேக்குற?" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. குப்பம், பலமநேர் என்று பல இடத்துத் தோலும் மண்டியில் ஒரே குவியலாகிவிடுகிறது.

அறுப்புக்கூடக் கடிதம் வாங்க ஆந்திர எல்லை தாண்டி ஒரு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தருக்குத் தமிழ் நன்றாகவே புரிந்தது. இருந்தும் "ரேபு ரண்டி" (நாளைக்கு வாருங்கள்) என்று தெலுங்கில் சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் போனால், வியாபாரியே நேரில் வர வேண்டுமாம். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே! அப்புறம் பாயையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் தெலுங்கில் பேசிய கொஞ்ச நேரத்தில் முத்திரை விழுந்தது. ஆனால் கடிதத்தில் தோல் எண்ணிக்கை இல்லை என்று தணிக்கையாளர் திருப்பிவிட்டார். மறுபடியும் அலைச்சல்.

அதனால் வாங்கும்போதே கேளுங்கள்: அறுப்புக்கூடத்தின் பெயர், தேதி, எண்ணிக்கை, முத்திரை. நாலும் ஒரே தாளில் இருக்க வேண்டும். ஊர் வாரியாக லாட் பிரித்து, ஓரத்தில் ஓட்டைக்குறி குத்திவிடுங்கள். மை அழிந்துவிடும், ஓட்டை சுண்ணாம்புக் குளியல், பதனிடும் டிரம் எல்லாம் தாண்டி நிற்கும்.

வெளிநாட்டிலிருந்து வெட் புளூ (குரோமில் பதனிட்டு ஈரமாக இருக்கும் நீலத் தோல்) இறக்கும் பெரிய கம்பெனிகளுக்கு இந்தத் தாளை விற்பவரே அனுப்பிவிடுகிறார். பக்கத்து ஊர்த் தோலை வாங்கும் நமக்குத்தான் இத்தனை பாடு என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. பதக்கத்தால் விலை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஆனால் அது இல்லையென்றால் ஒரு ஷூ கம்பெனி நம் சாம்பிளையே வாங்கியிருக்காது. இப்போது ஆர்டர் உறுதியாகிவிட்டது.

தண்ணீர், கரண்ட் மீட்டர் அளவுகளையும் மாதாமாதம் எழுதி வையுங்கள். ஓராண்டுக் கணக்கைக் கேட்பார்கள்.