கச்சான் தள்ளிவிட்ட சைக்கிள்

அம்பாறையில் இருந்து காரைதீவுக் கடற்கரை 20 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. பஸ்ஸில் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். ஜூலையில் ஒரு சனிக்கிழமை சைக்கிளில் போனேன். முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள், கியர் கிடையாது. கல்லாற்றில் இருந்து அம்மா லொறியில் ஏற்றி அனுப்பியது. முந்தின நாள்தான் டவுனில் ஒரு கடையில் பின் ரயரை மாற்றியிருந்தேன்.

ஏழரைக்கு வெளிக்கிட்டேன். மல்வத்தை தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல்தான். சிறுபோக வெள்ளாண்மை பழுத்துக் கிடந்தது. கல்லோயாத் தண்ணீரில் விளைகிற பூமி, மேடு பள்ளம் இல்லை. சைக்கிள் தானாக ஓடியது என்றே சொல்லலாம். முகத்தில் காற்றே படவில்லை. கதிர்கள் எல்லாம் நான் போகிற பக்கமே சாய்ந்து சாய்ந்து எழும்பின. அதைப் பார்த்து ரசித்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை. எனக்கு நல்ல கால் என்று நினைத்துக்கொண்டேன்!

காரைதீவுச் சந்தியில் விபுலானந்தர் சிலையடியில் ஒரு தேத்தண்ணி. 1892இல் அவர் பிறந்த ஊர் இது. பிறகு கடற்கரை. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடல் தட்டையாகக் கிடந்தது. அலை உடையும்போது அதன் நுனியில் கிளம்பிய துமி கரைக்கு வராமல் பின்னால், கடல் பக்கமாகப் பறந்தது. அப்போதாவது விளங்கியிருக்க வேண்டும். நான் ஒரு கிலோ கீரி மீன் வாங்கிக் கூடையில் வைத்தேன்.

திரும்பியதும்தான் கச்சான் முகத்தில் அறைந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மழையை எல்லாம் மலைநாட்டின் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறும் சூட்டோடு இறங்கி வருவதுதான் எங்கள் கச்சான். போகும்போது நான் 15 கிலோமீற்றர் வேகத்தில், காற்றும் அதே வேகத்தில் என்றால், எனக்குக் காற்றே இல்லை. வரும்போது நான் 10இல் மிதித்தாலும் முகத்துக்கு 25. காற்று இரண்டு மடங்கானால் அது பிடித்துத் தள்ளுவது நாலு மடங்கு. இதெல்லாம் வீட்டுக்கு வந்து போட்ட கணக்கு. ரோட்டில் வாயில் புழுதியும் மனதில் திட்டும்தான் இருந்தன.

சம்மாந்துறையில் எங்கள் ஒஃபிஸ் ராத்தாவின் வீட்டில் ஏறினேன். "வெயில் தாழப் போகலாமே புள்ள," என்றார். மீன் இருக்கிறது என்றேன். ஒரு சொப்பின் பை ஐஸ் கட்டி தந்தார்.

ஊர் முடிந்து வயல் தொடங்கிய இடத்தில் இனி ஏலாது என்று ஒரு மதகில் குந்திவிட்டேன். லாண்ட்மாஸ்டரில் வந்த ஐயா ஒருவர் நிறுத்தினார்.

"என்ன தங்கச்சி, காத்துப் போயிற்றா?"

"காத்து போகல்ல ஐயா, காத்துத்தான் போக விடுதில்ல."

அவர் சிரித்துக்கொண்டே பின் சில்லைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அரைச் சுற்றில் நின்றது. திரும்பச் சுற்றினார். மெதுவாக உரசுகிற சத்தம். ரிம் ஓரத்தில் கறுப்பு மாவு மாதிரி ரப்பர்த் தூள் படிந்திருந்தது. பிரேக் கட்டை ஒன்று ரிம்மில் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் இருந்து பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கிறேன்! பின்னால் இருந்து கச்சான் தள்ளியதில் அது தெரியவே இல்லை.

"காத்த ஏசாதீங்க தங்கச்சி, உங்கட பிரேக்தான் பிடிச்சிருக்கு," என்று சாவியை எடுத்து நட்டைத் தளர்த்தி, கட்டையை நகர்த்தி இறுக்கினார். மறுபடி சுற்றியபோது சில்லு நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. காசு நீட்டினேன், வாங்கவில்லை. இரண்டு கீரி மீனாவது எடுங்க என்றேன். நாலு எடுத்தார்.

பிரேக் சரியாகிவிட்டது, கச்சான் அப்படியேதான் இருந்தது. மல்வத்தைக்குக் கிட்ட, ஒரே சைக்கிளில் மூன்று பேராக வந்த பொடியன்கள் பெல் அடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். வீட்டுக்கு வரும்போது ஒன்றரை. ஐஸ் முழுக்கக் கரைந்து, கூடையில் இருந்து முன் சில்லு வரைக்கும் மீன் தண்ணி ஒழுகியிருந்தது. பூனை சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தது.