ஐந்தடிக்கு ஏழடிக் குளியலறையில் ஒரு மலைக்காடு

வெப்பமண்டலப் பாணிக் குளியலறை என்று தேடினால் வரும் படங்கள் எல்லாம் கடலோரத்துக்கு உரியவை. கூரை பாதி திறந்திருக்கும், வெயில் நேராகத் தரையில் விழும், மூலையில் ஆளுயர வாழை நிற்கும். நுவரெலியாவோ 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசுக்குப் பக்கம். தை, மாசி விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும். அட்டன், அப்புத்தளை எல்லாம் அதைவிடத் தாழ்வுதான், ஆனாலும் மூடுபனிக்குக் குறைவில்லை. அந்தப் படத்தை அப்படியே இங்கே இறக்கினால் ஆறே மாதத்தில் சுவரில் கறுப்புப் பங்கசும் சட்டியில் அழுகிய வேரும்தான் மிஞ்சும்.

பச்சைக்கு இங்கே என்ன பஞ்சம்? தேயிலை மலையில் கான் ஓரமெல்லாம் பன்னம் தானாக முளைக்கிறது. நமக்குக் கிடைக்காதது வெளிச்சமும் உலர்வும். அதனால் வேலையின் வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் தண்ணீர் போகும் வழி, பிறகு ஈரக்காற்று போகும் வழி, அப்புறம் நிறமும் வெளிச்சமும், செடி கடைசியில். பெரும்பாலானவர்கள் செடியில் தொடங்கித்தான் காசை விடுகிறார்கள்.

கணக்குக்கு 5 அடி அகலம், 7 அடி நீளம், 8 அடி உயரம் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். கதவுக்குப் பக்கத்தில் பேசின், நடுவில் கொமட், கடைசி இரண்டரை அடி ஷவருக்கு. ஜன்னல் ஷவர் பக்கச் சுவரில் இருந்தால் நல்லது. ஷவர் இடத்துக்கும் மற்றதற்கும் நடுவே திரைச்சீலை போடாதீர்கள். இந்தக் குளிரில் அது காயவே காயாது, அடி விளிம்பில் ஒரு மாதத்தில் புள்ளி புள்ளியாகக் கறுக்கும். இரண்டரை அடி அகலத்தில் ஒரே ஒரு உரப்படுத்திய கண்ணாடிப் பலகை போதும். அறையும் இரண்டாக வெட்டுப்படாமல் ஒன்றாகவே தெரியும்.

தரைச் சாய்வு ஷவருக்குக் கீழே அடிக்குக் கால் அங்குலம், மற்ற இடத்தில் அடிக்கு அரைக்கால் அங்குலம். இந்தச் சாய்வைச் சீமெந்துத் தளத்திலேயே எடுக்க வேண்டும். டைல் ஒட்டும்போது பசையைக் கூட்டிக் குறைத்துச் சாய்வு காட்டுகிறேன் என்று பாஸ் சொன்னால் சம்மதிக்காதீர்கள். தளம் இறுகியதும் நீர்க்காப்புப் பூச்சு இரண்டு தடவை: முதல் பூச்சு நெடுக்காக, அது காய்ந்த பிறகு இரண்டாவது குறுக்காக. சுவரும் தரையும் சேரும் மூலையில் வலைத்துணி வைத்துப் பூச வேண்டும். வெடிப்பு முதலில் வருவது அங்கேதான். பூச்சைச் சாதாரணச் சுவரில் ஓர் அடி உயரம் வரை, ஷவர் சுவர்களில் ஆறடி வரை ஏற்றுங்கள். டப்பாவில் எழுதியிருக்கும் காயும் நேரம் வெப்பமான ஊருக்கானது. மூடுபனி நாளில் அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். எல்லாம் காய்ந்ததும் தண்ணீர் போகும் வாயை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை 24 மணிநேரம் நிறுத்திப் பாருங்கள். மட்டம் குறையாமலும் வெளிச்சுவர் வியர்க்காமலும் இருந்தால்தான் டைலைத் தொட வேண்டும். சரிவான நிலத்தில் மண்ணை வெட்டிக் கட்டிய வீடு என்றால் பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கும். அந்த ஈரம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. சுவருக்கு அப்பால் கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பாமல் உள்ளே எத்தனை பூச்சுப் பூசினாலும் அது உப்பிக்கொண்டு கழன்றுவிடும்.

இனி ஈரக்காற்று. மலைநாட்டில் குளியலறை கெடுவதற்கு ஒழுக்கைவிட வியர்வைதான் பெரிய காரணம். சுடுதண்ணீரில் குளிக்கிறோம். அந்த ஆவி 14 பாகையில் இருக்கும் சுவரில் பட்டதும் துளித் துளியாக நிற்கிறது. தகரக் கூரைக்குக் கீழே சீலிங் இல்லாவிட்டால் விடியற்காலையில் தலையில் சொட்டும். சீலிங்குக்குப் பீவீசி பலகை நல்லது. அதற்கும் தகரத்துக்கும் நடுவே ஓர் அங்குல நுரைத் தாள் விரித்தால் சொட்டு பெரும்பாலும் நின்றுவிடும். பழைய கூரை எஸ்பெஸ்டஸ் என்றால் குழாய் விடுவதற்கு அதில் துளை போடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. குழாயைச் சுவர் வழியாக எடுங்கள்.

வெளியே மூடுபனி நிற்கும்போது எக்ஸ்ஹோஸ்ட் ஃபேன் போட்டு என்ன பயன், அந்த ஈரம்தானே உள்ளே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. 14 பாகையில் இதற்கு மேல் ஈரம் தாங்காது என்ற அளவுக்கு நிறைந்த காற்றிலும் கன மீட்டருக்குச் சுமார் 12 கிராம் நீராவிதான் இருக்கும். குளித்த அறை 22 பாகைக்குச் சூடாகியிருந்தால் அங்கே ஒரு கன மீட்டர் காற்று 19 கிராமுக்கு மேல் தாங்கும். ஆக, வெளியிலிருந்து வரும் மூடுபனிக் காற்று உள்ளே சூடானதும் அறுபது வீத ஈரப்பதத்துக்கு இறங்கிவிடுகிறது, இன்னும் ஈரத்தை உறிஞ்ச இடம் வைத்திருக்கிறது. அதனால் குளித்து முடித்த உடனே, அறை சூடாக இருக்கும்போதே ஃபேனைப் போட்டு 20 நிமிடம் ஓட விடுங்கள். ஆறிய பிறகு போட்டால் சுவரில் ஏற்கெனவே நின்றுவிட்ட தண்ணீரை இழுக்க அதற்குப் பலம் போதாது.

நமது அறையின் கொள்ளளவு 280 கன அடி. மணிக்கு எட்டுத் தடவை காற்று மாற நிமிடத்துக்கு 37 கன அடி இழுத்தால் போதும். வளைவும் வலையும் இழுவையைக் குறைக்கும் என்பதால் பெட்டியில் 50க்குக் குறையாமல் போட்டிருப்பதை வாங்குங்கள். ஆறங்குல ஃபேன் தாராளம். காற்றைச் சீலிங்குக்கு மேலே விட்டுவிட்டு வராதீர்கள், வீட்டுக்கு வெளியே போக வேண்டும். கதவின் அடியில் முக்கால் அங்குல இடைவெளி இல்லாவிட்டால் உள்ளே வரக் காற்று இல்லாமல் ஃபேன் சும்மா சுற்றும்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக: 3.5 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 15 அம்பியர் இழுக்கும். அதற்குத் தனி வயர், தனி பிரேக்கர், சரியான எர்த் வேண்டும். வீட்டில் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் வேறு எதையும் தொடங்க வேண்டாம். இந்த வேலையைத் தகுதியுள்ள மின்வினைஞரிடமே கொடுங்கள்.

டைலில் ஒரு பிழையை மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரெங்கும் அது நடக்கிறது. நாலு மூலையிலும் நடுவிலும் கட்டி கட்டியாகச் சாந்து வைத்து டைலை அமுக்கிவிடுகிறார்கள். கட்டிகளுக்கு நடுவே வெற்றிடம். ஷவர் தண்ணீர் இடுக்கு வழியாக அங்கே இறங்கித் தேங்கி, பிறகு இடுக்கெல்லாம் கறுக்கிறது. விரல் முட்டியால் தட்டினால் ‘டொக் டொக்’ என்று கேட்கும். பசையைப் பல்லுள்ள தகட்டால் முழுதாக இழுத்து ஒட்டச் சொல்லுங்கள். ஷவர் தரைக்குப் பெரிய டைல் வேண்டாம். சிறிய டைல் சாய்வோடு படியும், இடுக்குகள் கூடுவதால் காலும் வழுக்காது. மூலைகளில் இடுக்குச் சாந்து போடாமல் பங்கசு எதிர்ப்புள்ள சிலிக்கன் இழுங்கள். சுவர் சற்று அசைந்தாலும் அது கிழியாது.

வாழை இலை, மொன்ஸ்டெரா இலை அச்சடித்த சுவர்த்தாளை இந்த ஊரில் வாங்கவே வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் ஓரம் சுருண்டு, பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். இலை வேலைப்பாடு ஆசையென்றால் பேசினுக்குப் பின்னால் உள்ள ஒரே சுவரில் இலை அச்சுள்ள டைல் ஒட்டுங்கள், மற்ற மூன்று சுவரையும் பாலாடை வெள்ளையில் விடுங்கள். பச்சை பூசுவதாக இருந்தால் மஞ்சள் கலந்த பச்சை, தளிர்க் கொழுந்து நிறம். கடையில் அழகாகத் தெரியும் கரும்பச்சை, மூடுபனியின் நீல வெளிச்சத்தில் கறுப்பாகிவிடும். பல்பும் அப்படித்தான்: டேலைட் என்று விற்கும் 6500 கெல்வின் பல்பு இலைக்குச் சாம்பல் பூசிவிடும். 3000 கெல்வின் போடுங்கள், அதே இலை வெயில் பட்டது போல நிற்கும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் கண்ணாடி மாட்டினால் இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் இரண்டு தடவை வேலை செய்யும்.

புதிதாகப் பூசிய சுவர் நாலு வாரமாவது காய வேண்டும், அதற்கு முன் பெயின்ட் அடித்தால் கொப்பளிக்கும். பங்கசு வந்துவிட்டால் ஒரு பங்கு குளோரின் ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர், பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். அமிலம் உள்ள கொமட் கிளீனரோடு அதைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

இனிச் செடி. மணி பிளான்ட் 15 பாகைக்குக் கீழே வளர்வதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும், 10க்குக் கீழே இலை கறுக்கும். பீஸ் லில்லி, அந்தூரியம், கடைகளில் பளிச்சென்று விற்கும் ஃபலனாப்சிஸ் ஓர்க்கிட் எல்லாம் சூட்டை விரும்புபவை. கண்டிப் பக்கம், 500 மீட்டர் உயரத்தில் உள்ள வீடு என்றால் தாராளமாக வைக்கலாம். நுவரெலியாவில் வைத்தால் பாவம், செடியும் வதங்கும், மனமும் வதங்கும். இங்கே தைரியமாக வைக்கக்கூடியது பறவைக்கூட்டுப் பன்னம், தொங்கும் பொஸ்டன் பன்னம், பிகோனியா, அஸ்பிடிஸ்ட்ரா. ஜன்னல் ஓரத்தில் நல்ல வெளிச்சம் இருந்தால் சிம்பிடியம் ஓர்க்கிட். அதற்குப் பூக்கவே குளிர்ந்த இரவு வேண்டும், அந்த வகையில் நம் ஊர் வரம். எந்தப் பன்னம் எவ்வளவு நிழலில் நிற்கும் என்று பார்க்க ஹக்கலை தாவரவியல் பூங்காவின் பன்னத் தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். 1861ல் சிங்கோனா பயிரிடத் தொடங்கிய அந்த இடத்தில் குளிர்ப் பச்சை எப்படி இருக்கும் என்பது கண்ணுக்குத் தெரியும். காட்டிலிருந்து மட்டும் பிடுங்கி வராதீர்கள். மரப்பன்னங்கள் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. நாற்று மேடையில் வாங்குங்கள்.

சட்டிக்கு இரண்டு பங்கு தும்புத்தூள், ஒரு பங்கு உடைத்த அடுப்புக்கரி, ஒரு பங்கு மக்கிய இலை. வெறும் மண் இந்த ஈரத்தில் களியாகும். பறவைக்கூட்டுப் பன்னத்தின் நடுக் குழியில் தண்ணீர் ஊற்றாதீர்கள், குளிரில் குருத்து அழுகும். ஓரத்தில் ஊற்றுங்கள். விரலை முதல் கணு வரை விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறைகூடப் போதுமாக இருக்கும். சவர்க்கார நுரை தெறிக்கும் இடத்தில் சட்டி வேண்டாம். மூன்று செடி அறைக்குப் போதும்: கொமட்டுக்கு மேலே தட்டில் ஒன்று, ஜன்னல் மூலையில் ஆறரை அடி உயரத்தில் தொங்குவது ஒன்று, பேசின் ஓரத்தில் சின்னது ஒன்று. அதே மூன்றை இன்னொரு தொகுதியாக வெளித் திண்ணையில் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மத்தியானம் பல்பு போடாமல் பத்திரிகை வாசிக்க முடியாத அறையில் இந்த மாற்றம் இல்லாமல் எந்தச் செடியும் பிழைக்காது.

மரச் சாமானில் பிரம்புக் கூடையும் தேங்காய்க் கயிறும் ஈரத்தைக் குடித்து நாறும். பதப்படுத்தாத மூங்கிலில் உளு விழுந்து மாவு கொட்டும். தட்டுக்குத் தேக்கோ பலாவோ நல்லது, எண்ணெய் தடவிச் சுவரிலிருந்து கால் அங்குலம் விலக்கித் துருப்பிடிக்காத திருகாணியால் மாட்டுங்கள். துவாய் கொளுவுவதற்குக் கடைக் கொக்கி எதற்கு? கவ்வாத்து முடிந்த மலையில் கவையுள்ள தடித்த தேயிலைக் கிளை கிடைக்கும், கங்காணியிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையை உரித்து, அடுப்புக்கு மேலே இரண்டு மாதம் காய வைத்து, மண்தாள் தேய்த்து, ஆளி எண்ணெய் மூன்று தடவை. கணுக்கள் எல்லாம் தெரியும்படி விடுங்கள். நாலைந்து ஈரத் துவாயைத் தாங்கும்.