டெஸ்ட் எல்லாம் பச்சை

எங்கள் ஜாவா புரோகிராமின் டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். சர்வரில் ஏற்றினால் முதல் ரிக்வெஸ்டிலேயே 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்' (தேவையான கிளாஸ் கிடைக்கவில்லை) என்று விழுகிறது.

மூணு மணி நேரம் தேடி, கடைசியில் ஜாவா புரோகிராமைக் கட்டித் தரும் கருவியான மேவனின் டிபென்டன்சி ட்ரீயை (எந்த லைப்ரரி எதை இழுத்து வருகிறது என்ற பட்டியல்) வெர்போஸில், அதாவது முழு விவரத்தோடு, ஓட்டிப் பார்த்தால், நடுவில் ஒரு ஜார் (லைப்ரரி ஃபைல்) பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் பொடியாக ஒரு வரி: 'ஸ்கோப் நாட் அப்டேட்டட் டு கம்பைல்'. ஒரு ஜார் எப்போதெல்லாம் வேண்டும் என்பதுதான் ஸ்கோப்: கம்பைல் என்றால் எல்லா நேரமும், டெஸ்ட் என்றால் டெஸ்டுக்கு மட்டும்.

வேறொரு லைப்ரரி அந்த ஜாரை கம்பைல் ஸ்கோப்பில் கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறது. ஆனால் அதையே எங்கள் பாம் ஃபைலில் (மேவனுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதி வைக்கும் ஃபைல்) யாரோ (சரி, நான்தான்) டெஸ்ட் ஸ்கோப் என்று நேரடியாக எழுதி வைத்திருக்க, மேவனுக்கு அதுதான் கணக்கு. நாம் கையால் எழுதியது, வேறொரு லைப்ரரி வழியாகச் சுற்றி வந்ததை அடித்துவிடும்.

டெஸ்ட் ஓடும்போது ஜார் இருக்கும், அதனால் பச்சை. சர்வரில் ஏற்றும் பேக்கேஜில் மட்டும் இருக்காது.

அந்த ஒற்றை வரியை அழித்தேன், ஓடுகிறது. கமிட் மெசேஜில் (மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் குறிப்பு) என்ன எழுதுவது என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.